சத்தம் வராத ஷூ

கால் கீழே போகிறது, இன்னும் போகிறது, தரை எங்கே என்று தேடுவதற்குள் ஷூ என்னைத் திருப்பி மேலே அனுப்பிவிடுகிறது. குதிகாலுக்கு அடியில் நாலு விரற்கடை உயரத்துக்கு மெத்தை. இதைப் போட்டுக்கொண்டு ஓடுவது இது இரண்டாவது முறை. முதல்முறை ஓடியது நாற்பத்தைந்து நாளைக்கு முன்னால், அதை இப்போது நினைக்கக் கூடாது, இப்போது என் வேலை வாயைத் திறந்து சொல்வது. "அம்மிணி, இடது பக்கம் லேசா சாயுது, ஆச்சு, இப்ப சமம், முன்னாடி ரெண்டு பேர் நடக்கறாங்க, வலதுல ஒதுங்கறோம்." என் வலது கையில் கயிற்றின் ஒரு வளையம், சுகந்தியின் இடது கையில் இன்னொரு வளையம், நடுவில் ஒரு சாண். சுகந்திக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அரசுப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் சரித்திரம் எடுக்கிறாள். இரண்டு வருஷமாக வாரத்தில் மூன்று நாள், காலை ஐந்தரைக்கு, கோவை ரேஸ்கோர்ஸைச் சுற்றி நாங்கள் இருவரும் இப்படித்தான் ஓடுகிறோம். அவள் ஓடுகிறாள், நான் அவளுடைய கண் என்று கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன், கைதட்டினார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது. "இலை கெடக்குது, வழுக்காது, காஞ்ச இலைதான்." "ஏனுங்ண்ணா, இன்னைக்கு கிரிக்கெட் கமெண்ட்ரி மாதிரி சொல்லிட்டே வர்றீங்க?" என்கிறாள். சிரிப்பதைப்போலத்தான் கேட்கிறாள், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாள். வலது கையில் மாவுக்கட்டுப் பிரித்துப் பத்து நாள்தான் ஆகிறது. அதை இன்னும் உடம்போடு ஒட்டி வைத்தே ஓடுகிறாள், முன்னே அந்தக் கை எவ்வளவு அழகாக வீசிக்கொண்டு வரும். மோவாயில் ஐந்து தையல் போட்ட தழும்பு, அதை நான் பார்க்காமல் ஓடலாம், அவளுக்கு நான் எங்கே பார்க்கிறேன் என்று தெரியாது, எனக்குத் தெரியும்.

காலில் மட்டும் சுகம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாற்பத்தாறு வயது முட்டி, மாடிப்படி இறங்கினால் கடகடவென்று சத்தம் போடும் முட்டி, இந்த ஷூவுக்குள் வாயைத் திறக்காமல் இருக்கிறது. கடைக்காரப் பையன் சொன்னான், "சார், தினமும் ஓடறவங்களுக்குன்னே செஞ்சதுங்க, ரோடு எப்படி இருந்தாலும் உங்க காலுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க." ஒண்ணுமே தெரியாது, அதைக் கேட்டுத்தான் நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். வீட்டில் என் மனைவி பார்த்துவிட்டு, "இது ஷூவா பரிசலா?" என்றாள். நானும் சிரித்தேன். அப்போது பத்து கிலோமீட்டர் பந்தயத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அதற்கும் ஒரு வாரம் முன்னால் சுகந்தி கேட்டிருந்தாள், ஷூ முன்னால் அழுத்துகிறது, கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது என்று அம்மா சொல்கிறாள், வேறு ஷூ வாங்கட்டுமா என்று. நான் என்ன சொன்னேன்? பந்தயத்துக்கு முந்தின மூன்று வாரம் புதிதாக எதுவும் கூடாது, ஷூ கூடாது, சாக்ஸ் கூடாது, சாப்பாட்டில்கூடப் புதுசு கூடாது, இது சட்டம். சட்டம் என்ற வார்த்தையைத்தான் சொன்னேன். அவள் "சரிங்ண்ணா" என்று அந்தக் கறுத்த நகத்தோடு ஓடினாள். நான் போய்ப் புது ஷூ வாங்கிக்கொண்டேன். சட்டம் எழுதுகிறவனுக்குச் சட்டம் இல்லையே. முட்டி வலி என்று சொல்லியிருந்தால் அவள் என்ன, வேண்டாம் என்றா சொல்லியிருப்பாள்? எனக்கு வலிக்கிறது என்று அவளிடம் சொல்வது பிடிக்கவில்லை. அவளுடைய கண் தனக்கு வலிக்கிறது என்று எப்படிச் சொல்லும்? "மூடி, சாக்கடை மூடி, அஞ்சடில, தட்டையாத்தான் இருக்கு." "தெரியுமுங்ண்ணா, இது எப்பவும் இருக்கறதுதானே."

எப்பவும் இருக்கிறதுதான். எல்லாமே எப்பவும் இருக்கிறதுதான், அந்த வேரும் எப்பவும் இருக்கிறதுதான். மூன்றாவது திருப்பத்தைத் தாண்டினால் ஒரு பெரிய மரம், அதன் வேர் நடைபாதைக் கல்லைத் தூக்கிவிட்டிருக்கும், அரையடி இருக்காது. இரண்டு வருஷத்தில் எத்தனை நூறு தடவை அதைச் சொல்லியிருப்பேன். வேர், மூணு, ரெண்டு, ஒண்ணு. ஒண்ணு என்றதும் அவள் காலைத் தூக்கிவிடுவாள். நான் கண்ணால் பார்த்துச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாற்பத்தைந்து நாளில் படுத்துப் படுத்து யோசித்ததில் புரிந்தது, கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும், வாட்சைப் பார்க்கும், எதிரே வருகிறவருக்கு வணக்கம் வைக்கும், சொன்னதெல்லாம் கால். மரத்துக்கு ஏழெட்டுத் தப்படி முன்னால் கொஞ்சம் சரளை கிடக்கும், பழைய தட்டை ஷூவின் அடியில் அது நறநறவென்று கடிக்கும், கடித்ததும் வாய் தானாக வேர் என்று சொல்லும். நான் நடுவில் இல்லவே இல்லை. கம்பெனியிலும் அப்படித்தான், பம்ப் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், பேரிங் சரியில்லை என்று கை சொல்லிவிடும், இருபத்திரண்டு வருஷத் தரச் சோதனை, சந்தேகம் வந்தால் சரக்கை நிறுத்திவைக்கும் சிவப்புச் சீட்டு, மேலாளரே வந்து நின்றாலும் சிவப்புச் சீட்டுதான். அன்றைக்குக் காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சரளை வந்தது, போனது, மெத்தை அதை விழுங்கிவிட்டது. நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, அட, இவ்வளவு சுகமாக இருக்கிறதே, இதை முன்னாலேயே வாங்கியிருக்கலாமே என்று. அப்புறம் கயிறு கீழே இழுத்தது. எலும்பு முறிகிற சத்தம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அதுகூடப் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்று எப்படிச் சொல்கிறாய், வெட்கமாக இல்லையா? ஆனாலும் அது தவறு, தவறுதலாக நடந்தது, எந்த வழிகாட்டிக்கும் ஒருநாள் நடக்கலாம். அடுத்தது தவறுதலாக நடக்கவில்லை. அவள் கீழே உட்கார்ந்து, மோவாயிலிருந்து ரத்தம் டீ-சர்ட்டில் சொட்ட, ஒடிந்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, முகத்தைத் தூக்கி என்னைக் கேட்டாள். "அண்ணா, சொன்னீங்களா?" குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள், வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர், ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் சொன்னேன், "சொன்னேனே." அவ்வளவுதான். ஒரே வார்த்தை. அந்த 'னே' வேறு, எதற்கு அந்த 'னே', சொன்னேன் என்றால் போதாதா, நீதான் கவனிக்கவில்லை என்று அவள் தலையில் கட்டுகிற அந்த 'னே'. அவள் உடனே, "சாரிங்ண்ணா, எனக்குக் கேக்கலீங்ண்ணா," என்றாள். ரத்தம் சொட்டச் சொட்ட என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அதற்கும் முன்னால், ஓட ஆரம்பித்ததுமே, "ஏனுங்ண்ணா, இன்னைக்கு உங்க கால் சத்தமே வரலியே?" என்று கேட்டிருந்தாள். என் கால் சத்தத்தை வைத்துத்தான் அவள் தன் வேகத்தை வைப்பாள், இடம் பிடிப்பாள், அது எனக்குத் தெரியும். "நேத்து மழை பேஞ்சுதில்ல, தரை ஈரம்," என்றேன். ஒரே காலையில் இரண்டு பொய். முதலாவது சின்னது, இரண்டாவதற்குக் கதவு திறந்துவிட்டது முதலாவதுதான்.

"அம்மிணி, திருப்பம், வலது, மெதுவா, வட்டமா வா, ஆச்சு." முதல் திருப்பம் முடிந்தது. அருகம்புல் ஜூஸ்காரரின் தள்ளுவண்டி, அவர் கையைத் தூக்குகிறார், நான் தூக்கவில்லை. சுகந்தியின் அம்மா ராஜாமணி அம்மாள், ஆஸ்பத்திரியில் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "தம்பி, நீங்க இல்லாட்டி எம்புள்ள என்னாயிருக்கும்?" என்றார்கள். நான் இல்லாவிட்டால் விழுந்திருக்க மாட்டாள் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன், அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, ஒரு தூக்குச்சட்டி நிறைய வெல்லக் கச்சாயம் சுட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் ஒன்றை எடுத்தேன், கடித்தேன், விழுங்கினேன், இனிப்பாகத்தான் இருந்தது, அதுதான் அநியாயம். பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுகந்தி ஒரு குரல்செய்தி போட்டாள், என்னால் பூபதி அண்ணனும் ஓட முடியாமல் போய்விட்டது, அவருடைய ஏழு மாச உழைப்பை வீணாக்கிவிட்டேன், எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்று. கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நானும் ஒன்று போட்டேன். கைகூப்பிய படம்தான். அதைப் போட்ட விரலை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கு ஏன் மறுபடியும் இந்த ஷூ? பழையது அலமாரியில் இருக்கிறது, காலையில் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். அதைப் போட்டால் சத்தம் வரும், அன்றைக்கு மழை ஈரம்தான் காரணம் என்று அவளுக்கு உறுதியாகிவிடும், பொய் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், சாகும்வரை யாருக்கும் தெரியாது. அதற்குப் பயந்துதான் இதைப் போட்டேன். மழை பெய்து இருபது நாள் ஆகிறது, தரை எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது, இன்றைக்கும் சத்தம் வராது, அவள் புத்திசாலி, தானாகக் கண்டுபிடித்துவிடுவாள், "ஏனுங்ண்ணா, புது ஷூங்களா?" என்று கேட்பாள், நான் ஆமாம் என்பேன், "அன்னைக்கும் இதானுங்களா?" என்பாள், ஆமாம் என்பேன். ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும். நானாக வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்வதிலும் வேலையை அவள் தலையில் வைக்கிறேன் பாருங்கள், எப்பேர்ப்பட்ட ஆள் நான். ஒன்றரை கிலோமீட்டர் வந்துவிட்டோம், அவள் கேட்கவில்லை. ஒருமுறை தலையை என் பக்கம் சாய்த்தாள், கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. இன்னொருமுறை சாய்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். கயிறு ஈரமாக இருக்கிறது, என் கை வேர்வையா அவள் கை வேர்வையா தெரியவில்லை. "மூணாவது திருப்பம், அம்மிணி." "ம்." "இனி கொஞ்ச தூரத்துல அந்த வேர்." "ம்." "சரளை வருது. நான் பாத்துட்டேன். வேர் தெரியுது, பத்தடி, நடக்கலாமா?" "ஓடலாமுங்ண்ணா." "வேர்! மூணு! ரெண்டு! ஒண்ணு!" நான் கத்தியதில் முன்னால் போனவர் திரும்பிப் பார்த்தார். அவள் காலைத் தூக்கி, தாண்டி, அந்தப் பக்கம் இறங்கினாள். தாண்டிவிட்டாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், அவள் முகம் அப்படி இல்லை. நாலு எட்டு ஓடினாள், வேகம் குறைந்தது, நடை ஆயிற்று.

"அண்ணா, ஒண்ணு சொல்லட்டுங்களா? யார்கிட்டயும் சொல்லலீங்ண்ணா, அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்," என்றாள். நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். "இன்னைக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன், காதுக்கு. எனக்கு இடது காது போயிட்டிருக்குங்ண்ணா." எனக்கு முதலில் புரியவில்லை. காது எங்கிருந்து வந்தது? "அன்னைக்கு உங்க கால் சத்தம் கேக்கல. அப்புறம் நீங்க வேர்னு சொன்னதும் கேக்கல. நீங்க எப்பவும் எனக்கு இடது பக்கம்தானே ஓடுறீங்க? மழைன்னு நீங்க சொன்னீங்க, மழையில எத்தனை நாள் ஓடியிருக்கோம், சத்தம் மாறும், போகாது. அப்பவே சந்தேகம். இன்னைக்கு மழையும் இல்ல. எதுத்தாப்ல வர்றவங்க கால் கேக்குது, சைக்கிள் கேக்குது, ஒட்டிட்டு ஓடுற உங்க கால் மட்டும் கேக்கல. நீங்களும் இன்னைக்கு இவ்வளவு சத்தமா கத்திக் கத்திச் சொல்றீங்க. உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு புரிஞ்சுதுங்ண்ணா, என் மனசு நோகக் கூடாதுன்னுதானே சொல்லாம வர்றீங்க?" "ஒரு மாசமா பஸ்ல போறதில்ல, ஆட்டோதான். ரோடு தாண்டப் பயமா இருக்கு. கிளாஸ்ல பசங்கள 'உள்ளேன் டீச்சர்' ரெண்டு தடவ சொல்லச் சொல்றேன், என்னமோ வெளையாட்டுன்னு நெனச்சுட்டுக் கத்தறாங்க. ராத்திரி எந்திரிச்சு சொம்புல தண்ணி ஊத்தி ஊத்தி இந்தக் காதுல கேக்குதா, அந்தக் காதுல கேக்குதான்னு பாக்கறேன், கேட்டாலும் நம்ப முடியல. கண்ணு இல்லாதது எனக்குக் கஷ்டமே இல்லீங்ண்ணா, அது எனக்குத் தெரியாத சாமான். காது போச்சுன்னா எனக்கு என்னங்ண்ணா இருக்கு?"

நான் நின்றுவிட்டேன். கயிறு இழுத்ததும் அவளும் நின்றாள். நாற்பத்தைந்து நாளாக என் பாவத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், என் வெட்கம், என் பேர், என் தூக்கம், கையும் தையலும் ஆறிவிடும் என்று ஆறுதல் வேறு. அந்த ஒரு வார்த்தை இந்தப் பெண்ணின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ராத்திரி ராத்திரி சொம்பில் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறது என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. பார்க்கிறவன் நான், எனக்குத்தான் தோன்றவில்லை. இப்போது சொல்லிவிடு. சொன்னால் இவள் இனி என் கையில் கயிற்றைக் கொடுக்க மாட்டாள். கொடுக்காமல் போகட்டும். குழுவில், கம்பெனியில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போகட்டும், சொல்லு. "என்னாச்சுங்ண்ணா?" என்றாள். "அம்மிணி, அன்னைக்கு நான் சொல்லல." "என்னது சொல்லல?" "வேர்னு சொல்லல. நான் பாக்கவே இல்ல. நீ கேட்டப்ப சொன்னேன்னு பொய் சொன்னேன். மழையும் பொய். புது ஷூ போட்டிருந்தேன், அடில மெத்தை, சத்தம் வராது. இப்பவும் அதான் போட்டிருக்கேன். உன் காதுக்கு ஒண்ணும் இல்ல அம்மிணி. ஒண்ணுமே இல்ல." நடைபாதையில் ஒருவர் கைப்பேசியில் பக்திப் பாட்டுப் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். பாட்டு தேய்ந்தது. அப்புறம், "ஷூவக் கழட்டுங்க," என்றாள். டீச்சர் குரல். கழற்றினேன், சாக்ஸையும் கழற்றினேன். "நடங்க." வெறுங்காலோடு பத்து எட்டு நடந்தேன், சரளை குத்தியது. "இங்க வாங்க. இந்தப் பக்கமா." இடது காது பக்கமாக நடந்தேன். அவள் வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு, தலையைச் சாய்த்து, என் ஒவ்வொரு எட்டுக்கும் உதட்டை அசைத்தாள், எண்ணுகிறாள். "கேக்குது," என்றாள். பிறகு இன்னும் சின்னக் குரலில், "கேக்குதுங்ண்ணா." முகம் கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் பொங்கிக்கொண்டு வந்தது, மன்னித்துவிட்டாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் கயிற்றின் வளையத்தைக் கையிலிருந்து உருவினாள்.

இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்தாள். அது ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே போய் அம்மா என்றதும் தட்டினாள். "அம்மா, ஆஸ்பத்திரிக்கு வேண்டாம். வேண்டாம்மா. காது நல்லாத்தான் இருக்கு." அந்தப் பக்கம் ராஜாமணி அம்மாள் ஏதோ கத்துகிறார்கள், கண்ணு, சாமி என்று எனக்கே கேட்கிறது. "நெசமாம்மா. எப்பிடித் தெரியும்னா," என்று ஆரம்பித்தாள், நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீயே சொல்லிவிடு தாயே என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன், நாற்பத்தாறு வயதில் ஒரு ஆள் கெஞ்சுகிறேன், நீ சொன்னால் அம்மா உன்னைத் திட்ட மாட்டார்கள், என்னைத்தான் திட்டுவார்கள், நான் இல்லாதபோது திட்டிக்கொள்ளட்டும். "இரு, அண்ணன் இங்கதான் இருக்காரு, அவரே சொல்வாரு," என்றாள் சுகந்தி. போனை நீட்டினாள். நான் நின்ற இடத்துக்கு நீட்டவில்லை, இரண்டடி தள்ளி, அங்கே யாரும் இல்லை. வெறுங்காலோடு நான் அசையாமல், மூச்சுகூட விடாமல் நின்றுகொண்டிருந்தேன், நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? "தம்பி?" என்கிறது போன், "தம்பி, இருக்கீங்களா? நல்லா இருப்பீங்க தம்பி, என்ன கண்ணு சொல்றா இவ?" சுகந்தி கையை இறக்கவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. ஒடிந்து சேர்ந்த கை அது, மெலிந்து போய், மணிக்கட்டில் தோல் வெளுத்திருக்கிறது. நான் காலைத் தூக்கி அவளுக்குக் கேட்கும்படி தரையில் ஓங்கி வைத்தேன். கை என் பக்கம் திரும்பியது. போனை வாங்கினேன். "அம்மா, பூபதி பேசறேனுங்க," என்றேன், "அன்னைக்கு நான் சொல்லலீங்க."